லேப்டாப் பூட் ஆகவில்லையா? டிஸ்க்கைக் குறை சொல்வதற்கு முன்

பழைய லேப்டாப் ஒன்று திடீரென்று ஓடாமல் போனால் நம்மூரில் பெரும்பாலும் இரண்டு தீர்ப்புகள்தான் வரும். ஒன்று, "டிஸ்க் போயிடுச்சு." இன்னொன்று, "ஓ.எஸ். கரப்ட் ஆயிடுச்சு, ஃபார்மட் போட்டா சரியாயிடும்." முதல் தீர்ப்பைக் கேட்டு நல்ல டிஸ்க்கைத் தூக்கிப் போட்டவர்கள் உண்டு. இரண்டாவதைக் கேட்டு, பிள்ளை பிறந்த அன்று எடுத்த படங்களைப் பறிகொடுத்தவர்களும் உண்டு. இரண்டு தீர்ப்புமே பல சமயம் லேப்டாப்பைச் சரியாகப் பார்க்காமலேயே சொல்லப்படுபவை.

பூட் ஆவது என்பது ஒரே வேலை அல்ல. ஒன்று முடிந்து அடுத்தது என்று நாலைந்து கட்டங்கள் வரிசையாக நடக்கின்றன. எந்தக் கட்டத்தில் நின்றது என்பதைத் திரையில் வரும் செய்தியும், உள்ளேயிருந்து வரும் சத்தமும் ஓரளவு சொல்லிவிடும். அதைப் படிக்கத் தெரிந்தால் எதைத் தொட வேண்டும், அதைவிட முக்கியமாக எதைத் தொடக் கூடாது என்பது தெரிந்துவிடும்.

## ஆன் பட்டனுக்கும் டெஸ்க்டாப்புக்கும் நடுவில்

ஊர் நூலகம் ஒன்றைக் காலையில் திறப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். நூலகர் வருகிறார். விளக்கு எரிகிறதா, மேசை நாற்காலி இருக்கிறதா என்று பார்க்கிறார். எந்த அலமாரியை முதலில் திறக்க வேண்டும் என்று சுவரில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது. அந்த அலமாரியைத் திறந்தால் மேல் தட்டில் ஒரு பதிவேடு. எந்தப் புத்தகம் எந்தத் தட்டில் இருக்கிறது என்று அதில் எழுதியிருக்கும். அதைப் பார்த்துப் புத்தகங்களை எடுத்து மேசையில் வைத்தால்தான் நூலகம் நடக்கும். வாசலில் நிற்கிறவர் "லைப்ரரி திறக்கல" என்று மட்டும்தான் சொல்வார். நூலகர் வரவில்லையா, சீட்டு கிழிந்துவிட்டதா, பதிவேட்டைக் காணோமா, அலமாரியைக் கரையான் அரித்துவிட்டதா என்பது அவருக்குத் தெரியாது. ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு.

லேப்டாப்பில் நூலகர் வேலையைச் செய்வது பயோஸ். இது மதர்போர்டில் தனிச் சிப் ஒன்றில் பதிந்திருக்கும் சிறிய மென்பொருள். டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டாலும் பயோஸ் ஓடும். 2012-இல் விண்டோஸ் 8 வந்த சமயத்திலிருந்து விற்ற லேப்டாப்புகளில் இதன் அடுத்த தலைமுறையான யூ.இ.எஃப்.ஐ. இருக்கும். இந்தக் கட்டுரையில் இரண்டையும் பயோஸ் என்றே சொல்கிறேன், வேறுபாடு முக்கியமாகும் இடத்தில் மட்டும் பிரித்துச் சொல்கிறேன்.

மின்சாரம் வந்ததும் பயோஸ் முதலில் ராம், கீபோர்டு, திரை எல்லாம் இருக்கின்றனவா என்று பார்க்கும். இந்தச் சோதனைக்கு போஸ்ட் என்று பெயர். அடுத்து, எந்தச் சாதனத்தில் முதலில் தேட வேண்டும் என்ற வரிசையை எடுத்துக்கொள்ளும். அது பூட் ஆர்டர், நம் நூலகத்துச் சீட்டு. அந்த வரிசைப்படி டிஸ்க்கைத் திறந்து, அதிலிருக்கும் பூட் லோடர் என்ற குட்டி நிரலை ராமில் ஏற்றும். பூட் லோடரின் ஒரே வேலை, ஓ.எஸ். (கணினியை நடத்தும் அடிப்படை மென்பொருள், விண்டோஸோ லினக்ஸோ) டிஸ்க்கில் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து அதை எழுப்பிவிடுவது. அதன் பிறகு ஓ.எஸ். தன் கோப்புகளை ஒவ்வொன்றாகப் படித்து டெஸ்க்டாப்பைக் கொண்டுவரும்.

ஆக வரிசை இதுதான்: மின்சாரம், போஸ்ட், பூட் ஆர்டர், பூட் லோடர், ஓ.எஸ். டிஸ்க்கின் வேலையே மூன்றாவது கட்டத்தில்தான் தொடங்குகிறது. அதற்கு முன்பே நின்றுவிட்டால் டிஸ்க்கைக் குறை சொல்வதில் பொருளில்லை.

## திரையே வரவில்லை

ஃபேன் சுற்றுகிறது, லைட் எரிகிறது, ஆனால் கம்பெனி லோகோ கூட வரவில்லை. இது போஸ்ட் கட்டம். பெரும்பாலும் டிஸ்க்குக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

முதலில் சார்ஜரைப் பிடுங்குங்கள், பேட்டரியைக் கழற்ற முடிந்தால் கழற்றுங்கள், பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். போர்டில் தேங்கிய மின்சாரம் வடிந்துவிடும். பிறகு சார்ஜரை மட்டும் செருகி ஆன் செய்யுங்கள். பழைய லேப்டாப்புகளில் இதிலேயே உயிர் வருவதுண்டு. வராவிட்டால் அடுத்தது ராம். அடிப்பக்க மூடியைத் திறந்து ராம் பலகையை எடுத்து, அதன் பொன்னிறக் கால்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் துடைத்து, தூசியை ஊதிவிட்டு, "டக்" என்று உட்காரும் வரை அழுத்திப் போடுங்கள். இரண்டு ராம் இருந்தால் ஒன்றொன்றாகப் போட்டுப் பாருங்கள். பீப் சத்தம் கேட்டால் எத்தனை முறை, நீளமா குட்டையா என்று குறித்துக்கொள்ளுங்கள். எந்தப் பாகம் பதில் சொல்லவில்லை என்பதை அந்தச் சத்தத்தின் வழியாகத்தான் பயோஸ் தெரிவிக்கிறது. எந்தச் சத்தத்துக்கு என்ன பொருள் என்பது மாடலுக்கு மாடல் மாறும்.

## பயோஸுக்கு டிஸ்க் தெரிகிறதா?

லோகோ வருகிறது, பிறகு கறுப்புத் திரையில் "நோ பூட்டபிள் டிவைஸ்" அல்லது "ஆபரேட்டிங் சிஸ்டம் நாட் ஃபவுண்ட்" என்று நிற்கிறது. பதற்றத்தில் தவறான முடிவு எடுக்கப்படுவது இங்கேதான் அதிகம். அந்தச் செய்திக்கு "டிஸ்க் கெட்டுவிட்டது" என்று பொருள் இல்லை. "எனக்குச் சொன்ன இடங்களில் தேடினேன், எதுவும் கிடைக்கவில்லை" என்பதுதான் பொருள். சொன்ன இடம் தப்பாகவும் இருக்கலாம்.

முதலில் லேப்டாப்பில் செருகியிருக்கும் பென் டிரைவ், மெமரி கார்டு, டிவிடி எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். பூட் ஆர்டரில் அவை முன்னால் இருந்தால் பயோஸ் அவற்றில் தேடிவிட்டு அங்கேயே நின்றுவிடலாம்.

சில லேப்டாப்புகளில் "பி.எக்ஸ்.இ. - இ61: மீடியா டெஸ்ட் ஃபெயிலியர், செக் கேபிள்" என்று வரும். "கேபிளைப் பார்" என்றதும் டிஸ்க் கேபிள் அறுந்துவிட்டது என்று நினைத்துப் பிரிக்கத் தொடங்குவார்கள். அது சொல்வது நெட்வொர்க் கேபிளை. டிஸ்க்கில் எதுவும் கிடைக்காததால், கடைசி முயற்சியாக நெட்வொர்க் வழியே பூட் ஆகப் பார்த்து, அங்கேயும் கேபிள் இல்லை என்று பயோஸ் சொல்கிறது.

இனி பயோஸ் திரைக்குள் போக வேண்டும். ஆன் செய்த உடனே ஒரு விசையைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். டெல், ஏசர் என்றால் எஃப்2. ஹெச்.பி.யில் எஃப்10. லெனோவாவில் மாடலைப் பொறுத்து எஃப்1 அல்லது எஃப்2. சில லெனோவா மாடல்களில் பவர் பட்டனுக்குப் பக்கத்திலோ ஓரத்திலோ தனியாக ஒரு சின்னப் பட்டன் இருக்கும், லேப்டாப் அணைந்திருக்கும்போது அதை அழுத்தினால் மெனு வரும். உள்ளே போனதும் பார்க்க வேண்டியது ஒரே ஒரு வரிதான்: ஹார்ட் டிஸ்க்கின் மாடல் எண் காட்டுகிறதா, இல்லை அந்த இடத்தில் "நன்" (ஆங்கிலத்தில் 'எதுவும் இல்லை') என்று இருக்கிறதா? பிரச்சினை எந்தப் பக்கம் என்று இந்த ஒரு வரி பிரித்துக் கொடுத்துவிடும்.

"நன்" என்று இருந்தால் டிஸ்க் பதில் சொல்லவில்லை. உடனே புதுசு வாங்க வேண்டாம். லேப்டாப்பை அணைத்து, பேட்டரியை எடுத்து, அடிப்பக்க மூடியைத் திறந்தால் உள்ளங்கைக்குள் அடங்கும் 2.5 அங்குல டிஸ்க் தெரியும். பல மாடல்களில் அதை ஒரு தகரச் சட்டத்தில் பூட்டி, பக்கவாட்டில் தள்ளி சாட்டா என்ற இணைப்பில் செருகியிருப்பார்கள். சாட்டா இணைப்பில் ஊசிகள் இருக்காது, தட்டையான இரண்டு நாக்குகள் இருக்கும். ஒன்று தரவுக்கு, மற்றது மின்சாரத்துக்கு. பல வருடம் தோள்பையில் ஆடிய லேப்டாப்பில் அது அரை மில்லிமீட்டர் விலகியிருந்தாலும் போதும், டிஸ்க் காணாமல் போய்விடும். நேராக வெளியே இழுத்து, மறுபடி நேராகத் தள்ளி, ஸ்க்ரூவை இறுக்கிவிட்டுப் பாருங்கள். ஹெச்.பி. போன்ற சில மாடல்களில் டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவே பட்டையான மெல்லிய கேபிள் வரும். அது மடிந்து நைந்துபோயிருந்தால் கேபிளை மட்டும் மாற்றினால் போதும். டிஸ்க்கை வெளியே எடுத்து, சாட்டாவிலிருந்து யூ.எஸ்.பி.க்கு மாற்றும் கேபிளில் மாட்டி வேறொரு கணினியில் செருகிப் பார்ப்பது இன்னும் தெளிவான சோதனை. அங்கே தெரிந்தால் டிஸ்க் நல்லது, லேப்டாப்பின் இணைப்பில்தான் கோளாறு.

### நாணய அளவு பேட்டரி செய்யும் வேலை

பயோஸில் டிஸ்க் தெரிகிறது, ஆனாலும் பூட் ஆகவில்லை என்றால் அதே திரையில் தேதியைப் பாருங்கள். பத்துப் பதினைந்து வருடம் பின்னால் போயிருந்தால் விஷயம் பாதி பிடிபட்டுவிட்டது.

பயோஸின் அமைப்புகளையும் கடிகாரத்தையும் காப்பாற்ற போர்டில் ஒரு ரூபாய் நாணய அளவில் ஒரு பேட்டரி உண்டு. சிமாஸ் பேட்டரி என்பார்கள். பெரும்பாலும் சி.ஆர்.2032 என்ற 3 வோல்ட் ரகம். டெஸ்க்டாப்பில் அப்படியே கழற்றலாம். லேப்டாப்பில் இரண்டு மெல்லிய ஒயர் வைத்து, பிளாஸ்டிக் உறை சுற்றி, குட்டி பிளக்கோடு இருக்கும். சில வருடங்களில் இது தீர்ந்துபோகும். அப்போது சார்ஜரையும் பெரிய பேட்டரியையும் எடுத்தால் பயோஸ் எல்லாவற்றையும் மறந்து, கம்பெனி வைத்த ஆரம்ப அமைப்புக்குத் திரும்பிவிடும்.

கடிகாரம் மட்டும் தப்பினால் பெரிய தொல்லை இல்லை. பூட் ஆன பிறகு இணையத் தளங்கள் "இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்று முரண்டு பிடிக்கும், அவ்வளவுதான். ஆனால் கூடவே இரண்டு அமைப்புகள் மாறிவிடக்கூடும். ஒன்று, சாட்டா மோட். டிஸ்க்கோடு எந்த முறையில் பேசுவது என்பதை இது தீர்மானிக்கும், ஏ.ஹெச்.சி.ஐ., ஐ.டி.இ. என்று இரண்டு தேர்வுகள் இருக்கும். விண்டோஸ் 7-ஐ எந்த மோடில் போட்டார்களோ அதிலேயே எழும்ப வேண்டும். மாறினால் லோகோ வந்ததும் நீலத் திரை ஒன்று மின்னி மறைந்து மறுபடி ரீஸ்டார்ட் ஆகும். அந்த நீலத் திரையில் 7பி என்று முடியும் எண் இருந்தால் இதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். இன்னொன்று, பூட் மோட். லெகஸி என்று இருந்தது யூ.இ.எஃப்.ஐ. ஆகிவிட்டால், பழைய முறையில் போட்ட விண்டோஸ் அதன் கண்ணுக்கே தெரியாது. இரண்டையும் ஒவ்வொன்றாக மாற்றிச் சேமித்துப் பார்க்கலாம். டிஸ்க்கில் ஒரு எழுத்துகூட இதனால் அழியாது. இந்த விலை குறைந்த பேட்டரிக்காக எத்தனை லேப்டாப்புகளில் ஃபார்மட் போட்டிருப்பார்கள் என்று நினைத்தால் மனசு கேட்பதில்லை.

இந்தப் பகுதியின் சாரம்: பயோஸில் டிஸ்க் பெயர் இல்லை என்றால் இணைப்பைப் பாருங்கள். பெயர் இருந்தும் பூட் ஆகவில்லை, தேதியும் தப்பு என்றால் சிமாஸ் பேட்டரியையும் இரண்டு மோட்களையும் பாருங்கள்.

## டிஸ்க் இருக்கிறது, பூட் லோடர் இல்லை

அடுத்த கட்டத்தின் செய்திகளில் குறிப்பிட்ட பெயர்கள் வரும். "பூட்எம்ஜிஆர் இஸ் மிஸ்ஸிங்" என்றால் விண்டோஸ் விஸ்டா அல்லது அதற்குப் பிந்தையதன் பூட் லோடர் கிடைக்கவில்லை. "என்.டி.எல்.டி.ஆர். இஸ் மிஸ்ஸிங்" என்றால் விண்டோஸ் எக்ஸ்பி காலத்து டிஸ்க். "கிரப் ரெஸ்க்யூ" என்று கர்சர் கண் சிமிட்டிக்கொண்டு நின்றால், லினக்ஸின் பூட் லோடரான கிரப் பாதி மட்டும் எழும்பியிருக்கிறது.

கடைசியாகச் சொன்னதைத் தமிழ்நாட்டில் பலர் பார்த்திருப்பார்கள். 2011-இல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப் திட்டத்தில் எல்காட் மூலம் வந்த தொடக்க கால லேப்டாப்புகளில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. ஆன் செய்தால் எது வேண்டும் என்று கேட்கும். பாஸ் லினக்ஸ் தேவையில்லை, இடம் மிச்சமாகும் என்று விண்டோஸுக்குள்ளிருந்து அந்தப் பகுதியை அழித்தால், அடுத்த முறை ஆன் செய்யும்போது கிரப் ரெஸ்க்யூதான் வரும். விண்டோஸ் அப்படியேதான் இருக்கிறது, படங்களும் அப்படியேதான் இருக்கின்றன. போனது என்ன?

பழைய முறை டிஸ்க்கின் முதல் 512 பைட்டுகளுக்கு எம்.பி.ஆர். என்று பெயர். 1983-இல் பி.சி. டாஸ் 2.0 உடன் வந்த ஏற்பாடு இது. அந்த 512 பைட்டுக்குள் பூட் லோடரின் தொடக்கத் துண்டும், டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்ற அட்டவணையும் இருக்கின்றன. அவ்வளவு சின்ன இடத்தில் கிரப் முழுவதும் அடங்காது. ஆகவே தொடக்கத் துண்டை அங்கே வைத்துவிட்டு, மீதியை லினக்ஸ் பகுதியில் வைத்திருக்கும். லினக்ஸ் பகுதியை அழித்ததும் தொடக்கத் துண்டு எழுந்து மீதியைத் தேடுகிறது, கிடைக்கவில்லை.

இதற்கு மருந்து, விண்டோஸ் டிவிடியிலோ பென் டிரைவிலோ பூட் செய்து, "ரிப்பேர் யுவர் கம்ப்யூட்டர்" வழியாகப் போய் ஸ்டார்ட்அப் ரிப்பேரை ஓட்டுவது. அது சரிசெய்யாவிட்டால் அங்கேயே கமாண்ட் பிராம்ப்ட்டில் பூட்ரெக் என்ற கட்டளை இருக்கிறது. எம்.பி.ஆரில் விண்டோஸின் தொடக்கத் துண்டை அது மறுபடி எழுதிவிடும். இன்ஸ்டால் பட்டனை மட்டும் அழுத்திவிடாதீர்கள்.

பென் டிரைவ் தயாரிக்கும்போது ஒரு விஷயம். ரூஃபஸ் போன்ற கருவியில் பழைய முறையான எம்.பி.ஆர்., புது முறையான ஜி.பி.டி. இரண்டில் எது என்று கேட்கும். யூ.இ.எஃப்.ஐ. இல்லாத பழைய லேப்டாப்புக்கு எம்.பி.ஆர். என்று கொடுத்தால்தான் பென் டிரைவிலிருந்து பூட் ஆகும். மாற்றிக் கொடுத்துவிட்டு "யூ.எஸ்.பி. போர்ட்டும் போச்சு" என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. ஏசர் லேப்டாப் என்றால், பயோஸுக்குள் எஃப்12 பூட் மெனு என்ற வரியை முதலில் ஆன் செய்ய வேண்டியிருக்கும்.

## லோகோ வருகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது

இப்போதுதான் உண்மையாகவே டிஸ்க்கைச் சந்தேகப்பட வேண்டிய இடம். பூட் ஆகிறது, ஆனால் இருபது நிமிடம் ஆகிறது. அல்லது பாதியில் உறைந்து நிற்கிறது. டிஸ்க் லைட் அணையாமல் எரிகிறது. ஒரு குறிப்பிட்ட போல்டரைத் திறந்தால் மட்டும் லேப்டாப் மொத்தமாக நின்றுவிடுகிறது.

காரணம் புரிய ஹார்ட் டிஸ்க்குக்குள் எட்டிப் பார்க்க வேண்டும். பளபளப்பான வட்டத் தகடு ஒன்றோ இரண்டோ, பெரும்பாலான லேப்டாப் டிஸ்க்குகளில் நிமிடத்துக்கு 5,400 சுற்று வேகத்தில் சுழல்கின்றன. வினாடிக்கு 90 சுற்று. படிக்கும் முனை தகட்டைத் தொடுவதில்லை. தகடு சுழலும் வேகத்தில் உண்டாகும் காற்று மெத்தையின் மேல், சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. தலைமுடியின் தடிமன் இதைப்போல் பல ஆயிரம் மடங்கு. ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப்பைக் கட்டிலிலிருந்து மேசைக்குத் தூக்கிப் போடும்போது இந்த இடைவெளிதான் பணயம்.

தகட்டின் பரப்பு செக்டார் என்ற சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொன்றிலும் 512 அல்லது 4,096 பைட். டிஸ்க் படிக்கும்போது ஒரு செக்டார் சரியாகப் படியவில்லை என்றால் டிஸ்க் உடனே கைவிடாது. திரும்பத் திரும்ப முயலும், வினாடிக் கணக்கில். நாம் திரையில் "ஹேங்" என்று பார்ப்பது பெரும்பாலும் இந்த முயற்சியைத்தான். கடைசியில் முடியாவிட்டால் அந்தச் செக்டாரைச் சந்தேகப் பட்டியலில் போடும். அடுத்து யாராவது அதே இடத்தில் புதிதாக எழுத வரும்போது, எழுதிப் பார்க்கும். எழுத்து நின்றால் பட்டியலிலிருந்து விடுவிக்கும். நிற்காவிட்டால் அந்த இடத்தை மூடிவிட்டு, டிஸ்க் தனியாக ஒதுக்கி வைத்திருக்கும் உபரிச் செக்டார்களில் ஒன்றை அதற்குப் பதிலாகத் தரும்.

"ஃபார்மட் போட்டதும் சரியாயிடுச்சே" என்பதன் ரகசியம் இங்கேதான் இருக்கிறது. விரைவு ஃபார்மட் என்பது நம் நூலகத்தில் பழைய பதிவேட்டைத் தூக்கிவிட்டு வெற்றுப் பதிவேடு வைப்பது. புத்தகங்கள் தட்டிலேயே இருக்கும், யாருக்கும் தெரியாது. கரையானும் அங்கேயே இருக்கும். புதிதாகப் போட்ட விண்டோஸ் வேறு தட்டுகளில் போய் உட்கார்ந்தால் கொஞ்ச நாள் வேகமாக ஓடும். முழு ஃபார்மட் என்றால், விஸ்டாவிலிருந்து விண்டோஸ் எல்லா இடத்திலும் பூஜ்யத்தை எழுதுகிறது. அப்போது சந்தேகச் செக்டார்கள் எல்லாம் மாற்றப்பட்டு டிஸ்க் சுத்தமானதுபோல் தெரியும். முனையோ தகடோ தேயத் தொடங்கியிருந்தால் சில வாரத்தில் புதிய செக்டார்கள் விழும். ஃபார்மட் கோப்பு ஒழுங்கைச் சரிசெய்யும், இரும்பைச் சரிசெய்யாது.

### டிஸ்க்கே எழுதிவைக்கும் குறிப்பு

இதையெல்லாம் ஊகிக்க வேண்டியதில்லை. எத்தனை செக்டார் மாற்றினேன், எத்தனை சந்தேகத்தில் இருக்கிறது என்று டிஸ்க் தானே கணக்கு வைத்துக்கொள்ளும். அந்தக் கணக்குக்கு ஸ்மார்ட் என்று பெயர். விண்டோஸில் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச நிரலைத் திறந்தால் காட்டும். லினக்ஸ் வகைகளான மின்ட், உபுண்டு இரண்டிலும் டிஸ்க்ஸ் என்ற நிரலிலேயே இருக்கிறது.

நீளமான பட்டியலைப் பார்த்து மலைக்க வேண்டாம். நான்கு வரிகள் போதும். 05 என்பது மாற்றப்பட்ட செக்டார். சி5 என்பது சந்தேகத்தில் நிற்கும் செக்டார். சி6 என்பது படிக்கவே முடியாதவை. இவற்றின் கடைசிப் பத்தியான ரா மதிப்பு பூஜ்யமாக இருக்க வேண்டும். 05-இல் சிறிய எண் ஒன்று மாதக் கணக்கில் மாறாமல் நின்றால் கொஞ்ச நாள் கண்காணிக்கலாம். சி5 பூஜ்யமில்லை, இன்றைக்கும் நேற்றைக்கும் ஏறுகிறது என்றால் அந்த டிஸ்க்கை நம்பாதீர்கள். நான்காவது சி7. இது ஏறினால் குற்றவாளி பெரும்பாலும் கேபிள் அல்லது இணைப்பு, தகடு அல்ல. கேபிளை மாற்றினாலும் பழைய எண் குறையாது, மேலே ஏறாமல் நின்றால் சரி.

சீகேட் டிஸ்க் வைத்திருப்பவர்கள் 01, 07 வரிகளில் கோடிக்கணக்கான எண்ணைப் பார்த்துப் பயந்துவிடுவார்கள். அந்த கம்பெனி அந்த இடத்தில் பிழையோடு சேர்த்து மொத்தச் செயல்களையும் எழுதி வைப்பதால் வரும் எண் அது. கவலை வேண்டாம்.

விண்டோஸ் 10-இன் டாஸ்க் மேனேஜரில் "டிஸ்க் 100%" என்று வருவதும் தனியாக ஒரு நோய்க்குறி அல்ல. சுழலும் டிஸ்க்கில் அப்டேட்டும் ஆன்டி வைரஸும் ஒரே நேரத்தில் ஓடினால் நல்ல டிஸ்க்கே அப்படித்தான் திணறும். ஸ்மார்ட் எண்கள் சுத்தமாக இருந்தால் அது வேகக் குறைவு, கோளாறு அல்ல.

சத்தம் மட்டும் வேறு கதை. மெல்லிய "கிர்ர்" சாதாரணம். "டிக்... டிக்... டிக்" என்று ஒரே இடைவெளியில் அடித்து, சுழற்சி நின்று, மறுபடி தொடங்கினால், முனை தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்பப் போய் வருகிறது. உடனே அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு முறை ஆன் செய்வதும் தகட்டில் கீறல் விழ ஒரு வாய்ப்பு. உள்ளே இருப்பது விலைமதிப்பற்றது என்றால் டேட்டா ரெகவரி செய்யும் இடத்துக்கு அப்படியே கொண்டுபோங்கள். டிஸ்க்கின் மூடியைத் திறந்து பார்க்கச் சொல்லும் வீடியோக்களை நம்பாதீர்கள். அந்த நானோமீட்டர் இடைவெளியில் ஒரு தூசி புகுந்தாலும் மலைதான்.

## டி டிரைவ் பத்திரம் என்ற நம்பிக்கை

"முக்கியமானதெல்லாம் டி டிரைவ்லதான் வெச்சிருக்கேன், பயமில்லை" என்று நிறையப் பேர் சொல்வார்கள். பாதி உண்மை. சி, டி என்பவை பெரும்பாலான லேப்டாப்புகளில் இரண்டு டிஸ்க் அல்ல. ஒரே டிஸ்க்கின் மேல் போட்ட இரண்டு கோடுகள், பார்ட்டிஷன் என்பார்கள். விண்டோஸ் கெட்டு சி டிரைவை மட்டும் ஃபார்மட் போட்டால் டி தப்பும். அதனால்தான் இந்த நம்பிக்கை வளர்ந்தது. ஆனால் முனை உடைந்தாலோ மோட்டார் நின்றாலோ சி-யும் டி-யும் ஒரே நொடியில் போகும். பேக்கப் என்றால் இன்னொரு சாதனத்தில் இருக்கும் இன்னொரு நகல்தான்.

## ரிப்பேருக்கு முன் நகல்

மேலே சொன்ன எந்தக் கட்டமானாலும், டிஸ்க் கொஞ்சமாவது பதில் சொல்கிறது என்றால் முதல் வேலை உள்ளே இருப்பதை வெளியே எடுப்பது. சரிசெய்வது இரண்டாவது. இந்த வரிசையை மாற்றுவதால்தான் அதிக இழப்பு நடக்கிறது.

எளிய வழி லைவ் பென் டிரைவ். அதாவது, டிஸ்க்கைத் தொடாமல் பென் டிரைவிலிருந்தே ஓடும் ஓ.எஸ். வேறு கணினியில் லினக்ஸ் மின்ட் பென் டிரைவ் தயாரித்து, இந்த லேப்டாப்பில் பூட் செய்து, இன்ஸ்டால் செய்யாமல் பார்த்தால் போதும். கோப்பு மேலாளரில் பழைய விண்டோஸின் போல்டர்கள் தெரியும். யூசர்ஸ் போல்டருக்குள் உங்கள் பெயர், அதற்குள் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ். வெளி டிஸ்க் ஒன்றைச் செருகி, சின்னதும் முக்கியமானதும் முதலில் என்ற வரிசையில் நகல் எடுங்கள்: சான்றிதழ் ஸ்கேன்கள், பத்திரங்கள், படங்கள், அப்புறம் வீடியோ. சினிமாவுக்குக் கடைசி இடம். ஒரு கோப்பில் நின்றுவிட்டால் அதை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போங்கள், கெட்ட செக்டாரோடு மல்லுக்கு நிற்க வேண்டாம்.

சி5 எண் நூறுகளில் இருந்தால் கோப்பு கோப்பாக எடுப்பதைவிட டிடி ரெஸ்க்யூ நல்லது. முழு டிஸ்க்கையும் இன்னொரு டிஸ்க்குக்கு அப்படியே நகல் எடுக்கும் லினக்ஸ் கருவி அது. எளிதாகப் படியும் பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, தகராறு செய்யும் இடங்களை ஒரு கோப்பில் குறித்துக்கொண்டு, பிறகு திரும்பி வந்து அவற்றை முயலும். நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

இந்த நேரத்தில் செய்யக் கூடாத ஒன்று உண்டு. விண்டோஸின் செக் டிஸ்க் என்ற சோதனையை, கெட்ட செக்டார்களைத் தேடும் ஆர் தேர்வோடு ஓட்டச் சொல்லிப் பலர் ஆலோசனை தருவார்கள். நல்ல டிஸ்க்கில் கோப்பு ஒழுங்கு கலைந்திருந்தால் அது பயன்படும். சாகக் கிடக்கும் டிஸ்க்கில் அது மணிக்கணக்கில் முழுப் பரப்பையும் துருவும், படிக்க முடியாத இடத்துக் கோப்புகளின் தொடர்பை வெட்டி "சரிசெய்தாகிவிட்டது" என்று சொல்லும். நகல் எடுத்த பிறகு ஓட்டிக்கொள்ளலாம்.

விண்டோஸ் 8 அல்லது அதற்குப் பிந்தையது என்றால், ஷட் டவுன் செய்தாலும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் காரணமாக அது பாதித் தூக்கத்தில்தான் இருக்கும். லைவ் லினக்ஸ் அந்த டிரைவைப் படிக்க மட்டும் அனுமதிக்கலாம். நமக்கு அதுவே நல்லது.

## மாற்றுவது என்று முடிவானால்

ஸ்மார்ட் கைவிடச் சொல்லிவிட்டது, நகலும் எடுத்தாயிற்று. பழைய லேப்டாப்புக்கு மறுபடி சுழலும் டிஸ்க் வாங்காதீர்கள், சாட்டா எஸ்.எஸ்.டி. வாங்குங்கள். இதில் சுழலும் பாகமே கிடையாது, தரவு சிப்பில் இருக்கும். ஹார்ட் டிஸ்க் ஒவ்வொரு சின்னக் கோப்புக்கும் முனையை நகர்த்திக் காத்திருக்க பத்து மில்லி வினாடிக்கு மேல் எடுக்கும். எஸ்.எஸ்.டி.க்கு அதில் நூறில் ஒரு பங்கு போதும். பூட் ஆவது என்பது ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளைப் படிப்பது, அதனால்தான் வித்தியாசம் அப்படித் தெரிகிறது. "என் லேப்டாப் பழைய சாட்டா 2, எஸ்.எஸ்.டி. போட்டு பிரயோஜனம் இல்லை" என்று தயங்க வேண்டாம். உச்ச வேகம் குறையும், இந்தக் காத்திருப்பு மிச்சம் அப்படியே கிடைக்கும். உயரம் மட்டும் பாருங்கள்: பழைய டிஸ்க் 9.5 மில்லிமீட்டர், எஸ்.எஸ்.டி. பெரும்பாலும் 7. ஆடாமல் இருக்க சட்டமோ சின்ன அடைப்போ வேண்டும்.

எஸ்.எஸ்.டி. சாகும்போது டிக் சத்தமெல்லாம் கேட்காது. நேற்று வரை ஓடியது இன்று பயோஸிலேயே தெரியாமல் போகலாம். ஆகவே எஸ்.எஸ்.டி.க்கு மாறியவர்களுக்கு வெளி நகல் இன்னும் கூடுதல் அவசியம்.

அதில் எதைப் போடுவது? விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப் கேட்கிறது, பத்து வருடத்துக்கு முந்தைய பெரும்பாலான லேப்டாப்புகள் அதன் தகுதிப் பட்டியலில் வராது. இணையம், கடிதம், பாடம், வீடியோ என்று ஓட்டுபவர்களுக்கு 4 ஜி.பி. ராம் இருந்தால் லினக்ஸ் மின்ட் தாராளம். 2 ஜி.பி. என்றால் டிஸ்க்கோடு ராமையும் ஏற்றிக்கொள்ளுங்கள்.

கழற்றிய பழைய டிஸ்க்கை உடனே பழைய சாமான் கடைக்குப் போடாதீர்கள். எடுத்த நகலில் ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்பது வரி கட்டும்போதோ, கல்லூரியில் சேரும்போதோதான் தெரியவரும். ஆறு மாதம் உறையில் போட்டு, மேலே தேதி எழுதி வையுங்கள். அதன் பிறகு கொடுப்பதானால், ஓடும் டிஸ்க் என்றால் முழு ஃபார்மட் போட்டுக் கொடுங்கள், விரைவு ஃபார்மட் போதாது. ஓடாத டிஸ்க் என்றால் திறந்து தகட்டை வளைத்தோ துளைத்தோ போடுங்கள். சில லேப்டாப் டிஸ்க்குகளின் தகடு கண்ணாடியால் ஆனது, அடித்தால் சில்லுசில்லாகத் தெறிக்கும். துணியில் சுற்றிக்கொண்டு செய்யுங்கள்.